கரைக்கு வராத அலை

பனையடிக்குப்பத்துக் கடலில் அந்த அலை எழும்பிய காலையில் பவுனம்மா சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு அம்மாளுக்குச் சங்கரா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள், காதில் கத்தியின் சரசரப்பைத் தவிர வேறெதுவும் விழவில்லை, அதனால் அவள் பெற்ற மகள் கரைக்கு வராமல் போன செய்தி ஊரிலேயே கடைசியாகத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

செய்தி கொண்டுவந்தவள் அவள் புருஷனுடைய தங்கை தனபாக்கியம். மணலில் ஓடிவந்த மூச்சோடு நின்று, "அண்ணி, தேனு அலை மேல நிக்கிறா" என்றாள்.

"தினந்தான் நிக்கிறா."

"அது இல்ல அண்ணி. அந்த அலை உடைய மாட்டேங்குது."

பவுனம்மா கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். அலை உடையவில்லை என்றால் உடையும்போது உடையட்டும், வெட்டிய மீனைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியுமா. வாலையும் சிறகையும் நறுக்கி, குடலை எடுத்து, கழுவி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

அலை நின்றிருக்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. வடக்கே கடலரிப்புக்காகக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களிலிருந்து கிளம்பி, கரைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், கரைக்குப் பக்கவாட்டில், ஓட்டு வீட்டுக் கூரை உயரத்தில், பாட்டில் பச்சை நிறத்தில், உச்சியில் மட்டும் கொஞ்சம் நுரையோடு தெற்கே ஆற்று முகத்துவாரம் வரைக்கும் போய், அங்கே டவுன் பஸ் திரும்புவதுபோல் சாவதானமாகத் திரும்பி, வந்த வழியே வடக்கே வந்தது. அதன் தோளில் மஞ்சள் பலகை மேல் முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, தேன்மொழி நின்றிருந்தாள். அலைக்கு முன்னாலும் பின்னாலும் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் சமமாகத் தெரிந்தது.

"ஏய் தேனு! இறங்கி வாடி!"

அலை எதிரே வந்தபோது மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நீதானம்மா வராதேன்னு சொன்னே!"

சொன்னது உண்மைதான். முந்தின நாள் சாயங்காலம், சதுரங்கப்பட்டினத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று பவுனம்மா புதுப் புடவையை எடுத்து வைக்க, தேன்மொழி தலையில் கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நிற்க, வார்த்தை தடித்தது. கடற்கரையில் நடக்கும் சர்ஃபிங் பள்ளியில் தேன்மொழிதான் வருகிறவர்களுக்கெல்லாம் அலைமேல் பலகையில் நிற்கச் சொல்லிக்கொடுப்பவள், போட்டிகளுக்குப் போய்க் கோப்பைகள் வாங்கி வந்தவள், கறுத்துப்போன தோளும் காய்த்துப்போன முழங்காலும் உடையவள். "ஊர்ல இருக்கிற பசங்க பாக்கத் தண்ணியில ஆடிட்டு வர்ற பொண்ண எவன் கட்டுவான்? ஒழுங்கா வந்து புடவையக் கட்டு. இல்லேன்னா கடலை விட்டுக் கரைக்கே வராதே" என்றாள் தாய். "சரி, வரல" என்றாள் மகள். அந்தச் சண்டையை அடுத்த வீட்டில் கேட்டார்கள், எதிர் வீட்டில் கேட்டார்கள், அலையும் கேட்டிருக்க வேண்டும்.

அன்று முழுக்க அலை உடையவில்லை, மறுநாளும் உடையவில்லை, அதற்கடுத்த நாள் ஊர்க்காரர்கள் அது உடையுமா என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தேன்மொழியின் அப்பா தேசிங்கு, பேச்சென்றால் வாயிலிருந்து காசு உதிர்வதுபோல் கஷ்டப்படுகிற மனிதர், எதுவும் கேட்காமல் தன் ஃபைபர் படகை அலைக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டுபோய்த் தூக்குவாளியை நீட்டினார். மகள் ஒற்றைக் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கடல்தண்ணீரிலேயே வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். தூக்கம் வந்தால் பலகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள், அப்போது அலை தன் வேகத்தைக் குறைத்துத் தொட்டில்போல் போனது. செல்போன் மீன் பையில் சுற்றப்பட்டு அவளிடம் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அவள் அங்கிருந்தே வாழ்த்துச் சொன்னாள், பின்னால் காற்று இரைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண் பார்க்கவும் வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் கஜேந்திரன், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன், இஸ்திரி போட்ட சட்டையில் மணலில் நின்று, காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி அலை வரும்வரை காத்திருந்தான். அலை வந்தது, அவன் பெண்ணைப் பார்த்தான், பெண் அவனைப் பார்த்தாள், அலை போய்விட்டது. மறுபடியும் வடக்கே திரும்பி வந்தபோது அவன் கையை வாயருகே குவித்து, "எனக்குத் தண்ணின்னாலே பயங்க!" என்று கத்தினான். "பரவால்லைங்க, பழகலாம்!" என்று தேன்மொழி கத்தினாள். அதற்குள் அலை கங்கையம்மன் கோயிலைத் தாண்டிவிட்டது. பெண் அடக்கமாகப் பேசுகிறாள், ஆனால் தூரமாக இருக்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனாள்.

இதற்குள் ஊருக்கு அலை பழகிப்போனது மட்டுமில்லை, பிடித்தும்போனது. ஆனி மாதத்தில் பனையடிக்குப்பத்துக் கடல் லேசுப்பட்டதில்லை, படகைத் தள்ளினால் மூன்று அலை முகத்தில் அறைந்து திருப்பி அனுப்பும், என்ஜின் நனையும், வலை கிழியும், ஆள் முதுகு ஒடியும். இப்போது எல்லா அலைகளும் தங்கள் பங்கை இந்த ஒரு அலைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதுபோல் கரையோரம் குளமாகக் கிடந்தது. படகுகள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கின. அலைக்கு முன்னால் பயந்து ஓடுகிற மத்தியும் கானாங்கெளுத்தியும் தாமாகவே வலையில் வந்து விழுந்தன. டீக்கடைக்காரர் பெஞ்சுகளைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டார். அலை தெற்கே போகும்போது உலை வைத்த பெண்கள் வடக்கே திரும்பி வரும்போது கஞ்சி வடித்தார்கள், சோறு குழையவே இல்லை.

ஊருக்குத் தலைவரான நாட்டார் வரதராசு, மீசையை முறுக்குவதற்கு முன் மூன்று தடவை யோசிக்கிறவர், ஊர்க்கூட்டம் போட்டு, "அந்தப் பொண்ணை யாரும் இறங்கச் சொல்லக் கூடாது. இது நாம செஞ்ச புண்ணியம்" என்று சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ கரையில் தேங்காய் உடைத்தார்கள். அதற்கடுத்த நாள் மஞ்சள் துணி கட்டிய மூங்கில் ஒன்று மணலில் நின்றது. பிறகு குங்குமம், எலுமிச்சம்பழம், வேப்பிலை. தேன்மொழி கடந்துபோகும் அந்த நாலு மூச்சு நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று ஜனங்கள் வேண்டுதல்களைச் சுருக்கிச் சுருக்கிப் பழகினார்கள். "மருமகனுக்கு வேலை!" என்று ஒருத்தி கத்துவாள், "மூட்டுவலி!" என்று ஒருவர் கத்துவார், தேன்மொழி என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் கையை ஆட்டினாள், ஆட்டிய கையை ஜனங்கள் ஆசீர்வாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பவுனம்மாவுக்கு ஆரம்பத்தில் இது பெருமையாகத்தான் இருந்தது. மீன் விற்கப் போகிற இடத்திலெல்லாம் அவளிடம் யாரும் பேரம் பேசவில்லை. ஆனால் ஒருநாள் தனபாக்கியம், தூக்கி வளர்த்த அத்தை, தேன்மொழிக்கு முதல் பாவாடை தைத்துப் போட்டவள், கரையில் கண்ணை மூடிக் கைகூப்பி, "அலையம்மா, தாயே" என்று முணுமுணுப்பதை அவள் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"யாருடி அலையம்மா? அவ பேரு தேனு."

"பேரச் சொல்லக் கூடாதாம் அண்ணி. நாட்டார் சொல்லிட்டாரு."

அன்று மதியம் தேசிங்கு கையிலிருந்து தூக்குவாளியை நாட்டார் வாங்கித் திறந்து பார்த்து, உள்ளே இருந்த நெத்திலிக் குழம்பைக் கண்டு முகம் சுளித்து, கோயில் சர்க்கரைப் பொங்கலை வைத்து அனுப்பினார். மறுநாளும் சர்க்கரைப் பொங்கல். அதற்கு மறுநாள் சுண்டல். நான்காம் நாள் அலை கோயிலுக்கு எதிரே வந்தபோது, கரையில் கூட்டம் நிறைந்திருக்க, தேன்மொழி இரண்டு கைகளையும் வாயில் குவித்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"யம்மா! மீன் கொழம்பு எங்கம்மா?"

கூட்டம் நாட்டாரைத் திரும்பிப் பார்த்தது. நாட்டார் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். "அம்மன் வாக்கு" என்றார். "மீன் வளம் பெருகும்னு சொல்றா."

"இல்லைங்க" என்றாள் பவுனம்மா. "பசிக்குதுன்னு சொல்றா."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் மண்டியிட்டிருந்தார்கள். பவுனம்மா மட்டும் நின்றுகொண்டு, போகிற அலையையே பார்த்தாள். மகளுடைய கால் நடுங்குவது அவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தெரிந்தது, கன்னம் ஒட்டிப்போயிருப்பது தெரிந்தது, உதடு வெடித்திருப்பது தெரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவளிடம் ரெண்டு வார்த்தை பேசினார்கள், கும்பிட வந்தவர்கள் ஒருத்தரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லையே என்று அவள் நினைத்தாள். கட்டிக்கொண்டு போகிறவன் வீட்டிலாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சாமியாகிவிட்டால் எந்த வீட்டில் போய்ப் பார்ப்பது?

வீட்டுக்குப் போனாள். புளியைக் கரைத்தாள். மிளகாய்த்தூள் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள், மாங்காய் ரெண்டு கீறிப் போட்டாள், வஞ்சிரம் துண்டுகளை மெதுவாக உள்ளே விட்டாள். வாசம் தெருவில் இறங்கிக் கோயில்வரை போனது. குழம்பை ஊற்றிய தூக்குவாளியோடு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கரைக்கு வந்து புருஷனுடைய படகில் காலைத் தூக்கி வைத்தாள்.

நாட்டார் ஓடிவந்தார். "பவுனு! பொம்பள போட்டுல ஏறக் கூடாது. தெரியுமில்ல?"

"நீங்க தினம் கும்பிடுறீங்களே, அலை மேல நிக்கிறது. அது யாரு நாட்டாரே?"

அவர் மீசைக்குக் கையைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினார். தேசிங்கு என்ஜின் கயிற்றை இழுத்தார். பட்டென்று பிடித்துக்கொண்டது.

கடலோரத்திலேயே பிறந்து, கடலோரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, கடல் கொடுத்ததைக் கூடையில் சுமந்து விற்றே பாதி ஆயுளைக் கழித்த பவுனம்மா அன்றுதான் முதன்முதலாகக் கணுக்காலுக்கு மேல் கடலுக்குள் போனாள். படகு அலையின் தோளோரம் போய்ச் சேர்ந்ததும் அலை, மாடு படுக்கும்போது செய்வதுபோல், முதுகைத் தாழ்த்திக் கொடுத்தது. தேன்மொழி கையை நீட்டினாள். பவுனம்மா ஒரு கையில் தூக்குவாளியும் ஒரு கையில் மகளுமாகப் பலகை மேல் விழுந்தாள். தேசிங்கு படகை விலக்கிக் கரைக்குத் திருப்பினார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று வைத்திருக்கிற நீளப் பலகை, இரண்டு பேரைத் தாங்கியது.

தேன்மொழி சோறு எங்கே என்றுகூடக் கேட்காமல் அப்படியே வாளியைத் தூக்கிக் குழம்பைக் குடித்தாள். பிறகு மீன், பிறகு மாங்காய், பிறகு விரல்கள். பவுனம்மா அதைப் பார்த்துக்கொண்டே குப்புறக் கிடந்தாள், பலகையின் விளிம்பைப் பிடித்த விரல்களை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இறங்கிடேன்டி" என்றாள்.

"இறங்கணும்னுதாம்மா இருக்கு. கால் மரத்துப்போச்சு. ஆனா இறங்கினா நீ ஜெயிச்சிட்ட மாதிரி ஆயிடுமே."

"நானே ஏறி வந்துட்டேன். இதுல யாரு ஜெயிச்சா?"

தேன்மொழி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிப் பிறகு மறுபடியும் சிரிப்பாகியது. பவுனம்மா பலகையைப் பார்த்துச் சொல்வதுபோல், "சதுரங்கப்பட்டினத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். உனக்கு எப்ப இஷ்டமோ அப்ப, யாரோட இஷ்டமோ அவனோட. இல்லேன்னா அதுவும் வேணாம்" என்றாள். மகள் விரல்களைக் கடல்தண்ணீரில் அலசினாள். தாயின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"எழுந்திரும்மா. படுத்துக்கிட்டே பாத்தா ஒண்ணும் தெரியாது. இடது கால் முன்னாடி. முட்டிய மடக்கு. கீழ பாக்காத, கீழ பாத்தா கீழதான் போவ. எங்க போகணுமோ அங்க பாரு."

பவுனம்மா எழுந்தாள். மகளுடைய தோளைப் பற்றிய கையை விரல் விரலாக எடுத்தாள். பாதத்துக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் ஏதோ ஒன்று பெரிய உடம்போடு மூச்சு வாங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அந்த மூச்சு கால் வழியாக ஏறி இடுப்புக்கு வந்து நெஞ்சுக்கு வந்து அவளுடைய மூச்சும் அதுவும் ஒன்றாகப் போக ஆரம்பித்தபோது, அவள் பயத்தை எங்கே வைத்தோம் என்று தேடிப் பார்த்தாள், காணவில்லை. கோயில் கோபுரம் பக்கவாட்டில் ஓடியது. டீக்கடை ஓடியது. தன் வீட்டுக் கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருப்பதை முதன்முதலாகப் பார்த்தாள். ஊர் இத்தனை சின்னதா என்று நினைத்தாள், நினைத்ததும் ஊர்மேல் பிரியம் வந்தது.

பிறகு மெதுவாகத் தலையைக் கடல் பக்கம் திருப்பினாள்.

அலைக்குப் பின்னால், கரையிலிருந்தோ படகிலிருந்தோ பார்க்கிற யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மற்ற அலைகளெல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. குழாயடியில் குடம் வைத்துவிட்டு நிற்கிற பெண்கள்போல், பெரியதும் சின்னதும், கிழடும் குட்டியுமாக, ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு, தொடுவானம் வரைக்கும் நின்றன. ஒன்றும் சத்தம் போடவில்லை.

"எத்தனை நாளாடி இவங்க நிக்கிறாங்க?"

"முதல் நாள்லேர்ந்து. இது உடைஞ்சாத்தான் அதுங்க வர முடியும். கரைப் பக்கம் திருப்பினா உடைஞ்சிடும்மா." தேன்மொழி குரலைத் தாழ்த்தினாள். "எனக்காக நிக்கிற அலை. நானே எப்படி உடைக்கிறதுன்னு இருக்கு."

பவுனம்மா வரிசையைப் பார்த்தாள், குனிந்து பச்சைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அது மீன்போல் வழுக்கியது, குழந்தையின் நெற்றிபோல் வெதுவெதுப்பாக இருந்தது. "அம்மாடி" என்றாள் அலையிடம், "என் பொண்ணப் பத்திரமா வெச்சிருந்தே. போதும் தாயி. நீயும் வீட்டுக்கு வா."

இருவரும் ஒன்றாகக் கரையைப் பார்த்தார்கள். பலகையின் மூக்கு திரும்பியது. கரையில் நாட்டார் இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டுவது தெரிந்தது, அதைப் பவுனம்மா ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள். அலை முதலில் நிமிர்ந்தது. பிறகு இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த இரைச்சலையெல்லாம் ஒரே மூச்சில் விட்டு, உச்சியிலிருந்து அடிவரை வெள்ளையாகி உடைந்தது. நுரை மணலைத் தாண்டி, மூங்கிலையும் மஞ்சள் துணியையும் வாரிக்கொண்டு, கோயில் படியைத் தொட்டுக் கும்பிட்டு, தெருவுக்குள் நுழைந்து, டீக்கடை பால் பாத்திரத்தில் ஒரு நண்டை விட்டுவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாட்டாரின் காலடியில் பவுனம்மா உட்கார்ந்திருந்தாள், கொண்டை அவிழ்ந்து, மடி நிறைய மணலோடு. பக்கத்தில் தேன்மொழி தரையில் மெதுவாகக் காலை ஊன்றிப் பார்த்தாள், தரை ஆடாமலிருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

காத்திருந்த அலைகள் அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. முண்டியடிக்காமல், தன் முறைக்கு வந்து, உடைந்து, போயின. அவை வந்து முடிக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்க முடியவில்லை. ஆண்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டே பவுனம்மா வீட்டுப் பக்கம் பார்த்துக் கசப்பாகப் பேசினார்கள், பெண்கள் குழாயடியில் அவளுக்கு இடம் விடவில்லை, நாட்டார் கூட்டம் போடலாமா என்று மூன்று தடவை யோசித்து நாலாவது தடவை விட்டுவிட்டார். பவுனம்மா சொன்னபடி சதுரங்கப்பட்டினத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவன் கஜேந்திரன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டு, "ரொம்ப நன்றிங்க" என்றான். கொஞ்சம் தயங்கி, "நீச்சல் கத்துக்கொடுப்பாங்களாங்க அங்க?" என்று கேட்டான்.

கடல் பழையபடி ஆனதும் ஊரும் பழையபடி ஆனது. அலைக்கு ஏற்றபடி படகைத் தள்ளும் பழக்கம் ஆண்களுக்குத் திரும்பி வந்தது, சோறு சில நாள் குழைந்தது, அலையம்மாவிடம் கேட்ட வேலை மருமகனுக்குத் தானாகவே கிடைத்தது. தேன்மொழி சர்ஃபிங் பள்ளிக்குத் திரும்பி, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பலகையைப் பிடித்துக் கொடுத்தாள். யாராவது கும்பிட்டால் அவர்கள் மேல் தண்ணீரை வாரி இறைத்தாள், அதனால் அந்தப் பழக்கம் நின்றுபோனது.

பெண்கள் மட்டும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், சாமான் வாங்கப் போகிற சாக்கில், பவுனம்மாவிடம் வர ஆரம்பித்தார்கள். மீனைப் புரட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து, "மேல நின்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள். பவுனம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவாள். ஊஞ்சல் மாதிரி என்பாள், இல்லை என்பாள். பிள்ளை முதல்முதலாக வயிற்றில் புரளுமே, அது மாதிரி என்பாள், அதுவும் இல்லை என்பாள். பிறகு கையை மட்டும் காற்றில் ஒரு மாதிரி வளைத்துக் காட்டிவிட்டு, கத்தியை மறுபடி எடுத்துக்கொள்வாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் ஏலம் முடிந்து வெயில் இன்னும் ஏறாத நேரத்தில், நைட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு தனபாக்கியமும் இன்னும் சில பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிற்க, பவுனம்மா மஞ்சள் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவித் துழாவி உள்ளே போனாள். ஆண்கள் படகு நிழலில் உட்கார்ந்து பார்க்காததுபோல் பார்த்தார்கள். அந்த அலை உடையாத அலையில்லை, பெயரில்லாத சாதாரண அலை, எந்த நாளும் வருவதுபோல் வந்தது. "இப்ப எழுந்திரும்மா!" என்று தேன்மொழி கத்தினாள். பவுனம்மா எழுந்தாள். ஒரு கொட்டாவி விடுகிற நேரம் நின்றாள், இரண்டு கையும் விரிந்து, நைட்டி காற்றில் உப்பி, வாய் திறந்தபடி. அடுத்த கணம் பலகை ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள்.

தண்ணீருக்கு மேல் தலை வந்தபோது மூக்கிலும் வாயிலும் உப்பு வழிந்தது. தனபாக்கியம் பதறி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"அண்ணி! எப்படி அண்ணி இருந்துச்சு?"

பவுனம்மா இருமினாள், துப்பினாள், கண்ணைத் துடைத்தாள். மிதந்துபோன பலகையை எட்டிப் பிடித்தாள்.

"இரு தனம்" என்றாள், பலகைமேல் வயிற்றைப் போட்டுக்கொண்டே. "இன்னொரு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."